ஓட்டுக்கூரைக்குக் கிட்டப் போங்கள்: கொழும்பின் பழையதையும் புதியதையும் ஒரே படத்தில் எடுக்க

கொழும்புக் கோட்டையில் ஒரு கட்டடக்கலைக் கந்தோரில் பத்தொன்பது வருடமாகப் படவரைஞராக இருக்கிறேன். வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் வந்து ரயிலில் போகிறவன். மதியச் சாப்பாட்டுப் பார்சலைப் பதினைந்து நிமிடத்தில் முடித்தால் மிச்சம் முக்கால் மணித்தியாலம் கமராவுக்கு. முதல் இரண்டு வருடமும் நான் எடுத்ததெல்லாம் ஒரே படம்தான். முன்னால் ஒரு பழைய கட்டடம், பின்னால் ஒரு கண்ணாடிக் கோபுரம். இரண்டும் முழுதாக வரவேண்டும் என்று வீதியின் அடுத்த கரைவரை பின்னுக்குப் போய் எடுப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோபுரம் இருக்கும், வானம் இருக்கும், தார் வீதி தாராளமாக இருக்கும். பழைய கட்டடம் மூலையில் தீப்பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

நாள் முழுதும் கோடு கீறிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது முதல் நாளே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. ஒருநாள் கந்தோரில் ஒரு தோற்றப்படம் வரைந்துகொண்டிருக்கும்போதுதான் மண்டையில் தட்டியது.

கணக்கு இவ்வளவுதான். ஒரு பொருள் படத்தில் எவ்வளவு உயரமாக விழும் என்பது, அதன் உயரத்தை உங்களுக்கும் அதற்கும் உள்ள தூரத்தால் பிரித்தால் வரும் எண். 8 மீற்றர் உயரத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடம் இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு 150 மீற்றர் பின்னால் 152 மீற்றர் உயரக் கோபுரம் ஒன்று. கோட்டையில் உள்ள உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் அந்த உயரம்தான். பழைய கட்டடத்துக்கு 10 மீற்றர் முன்னால் நின்றால் அதன் எண் 0.8, கோபுரத்தின் எண் 0.95. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. 50 மீற்றருக்குப் பின்வாங்கினால் பழையது 0.16, கோபுரம் 0.76. கோபுரம் ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. 100 மீற்றருக்குப் போனால் ஏழரை மடங்கு. நீங்கள் பின்னுக்கு நடந்தபோது கோபுரம் அதிகம் சிறுக்கவில்லை, பழையதுதான் கரைந்துபோனது.

எந்த லென்ஸ் போட்டாலும் இந்த விகிதம் மாறாது. ஸூம் செய்வது படத்தின் ஓரத்தை வெட்டுகிற வேலை மட்டும். விகிதத்தை மாற்றுவது கால். எனவே முதல் பாடம்: பழையது கோபுரத்துக்கு முகம் கொடுத்து நிற்கவேண்டும் என்றால் பழையதற்குக் கிட்டப் போங்கள். பழையது நசுங்குவதைக் காட்டவேண்டும் என்றால் தூரப் போய் நீள லென்ஸ் போடுங்கள். எதைச் சொல்லப்போகிறீர்கள் என்று தெரியாமல் நடுவில் நின்றால் என்னுடைய முதல் இரண்டு வருடப் படங்கள்தான் வரும்.

இதைப் பழக நல்ல இடம் கோட்டையில் உள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை. 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், திருத்தி 2011இல் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாகத் திறந்தார்கள். தாழ்ந்த ஓட்டுக்கூரை, தடித்த சுவர், நடுவே முற்றம். முற்றத்தில் நின்று நிமிர்ந்தால் ஓட்டுக்கு மேலே இரட்டைக் கோபுரம். அந்தக் கோபுரம் 1997இல் முடிந்தது, நாற்பது மாடி. எல்லாரும் முற்றத்தின் நடுவில் நின்று எடுப்பார்கள். நீங்கள் கூரையின் தாழ்வாரத்துக்குக் கீழேயே போய்விடுங்கள். தாழ்வாரத்து மரச்சட்டங்கள் தலைக்கு மேலே வரும்படி நின்று, முற்றத்துக்கு அப்பால் மற்றக் கூரையும் அதற்கு மேலே கோபுரமும் தெரியும் இடத்தைத் தேடுங்கள். இப்போது கிட்ட ஒரு கூரை, எட்ட ஒரு கூரை, அதற்கும் அப்பால் கோபுரம் என்று மூன்று படி. ஒரே ஒரு அடி பின்னுக்கு வைத்தாலே தாழ்வாரத்தின் விளிம்பு கோபுரத்தின் நான்கு மாடியை மறைப்பதைப் பார்ப்பீர்கள். அரை மணித்தியாலம் அந்த முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்தாலே போதும், புத்தகம் தேவையில்லை. சாப்பாட்டு மேசைகளில் இருப்பவர்கள் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

அடுத்தது நிமிர்வு. உயரமான கட்டடத்தை எடுக்கக் கமராவை மேலே தூக்கினால் சுவர்கள் உள்ளுக்குச் சாயும். ஒரு கோபுரம் மட்டும் என்றால் அந்தச் சாய்வு அழகாகக்கூட இருக்கும். பழையதும் புதியதும் சேர்ந்து வரும்போது அது பழையதைக் கெடுக்கிறது, ஏனென்றால் கண் நேர்த்தூணைத் தேடுவது பழைய கட்டடத்தில்தான். தூண் சாய்ந்தால் அது விழப்போகிற கட்டடம் மாதிரித் தெரியும். கட்டியவன் தூக்குக்குண்டு போட்டு நிமிர்த்திய சுவரை நாம் ஒரு விரலால் சரித்துவிடுகிறோம்.

இதற்கு விலை கூடிய சாய்வுத் திருத்த லென்ஸ் இருக்கிறது. எனக்கு அந்த வசதி இல்லை, நான் செய்வது வேறு. போனில் 0.5 என்று வரும் அகல லென்ஸைப் போட்டு, போனை நிறுத்திப் பிடித்து, மேலேயும் தூக்காமல் கீழேயும் தாழ்த்தாமல் மட்டமாக வையுங்கள். அமைப்பில் கட்டக்கோடுகளைப் போட்டிருந்தால் மட்டம் பார்ப்பது சுகம். படத்தின் கீழ்ப்பாதி முழுக்க நிலமாக இருக்கும். பரவாயில்லை. வீட்டுக்கு வந்து அந்த நிலத்தை வெட்டி எறியுங்கள். மிஞ்சிய மேல்பாதியில் எல்லாத் தூணும் நேராக நிற்கும். படத்தின் பாதியை வீணாக்குவது போலத்தான், ஆனால் இன்றைய போன் படத்தில் பாதி போனாலும் ஏ4 தாளில் அச்சடிக்கத் தாங்கும். பிறகு மென்பொருளில் இழுத்து நிமிர்த்துவதைவிட இது சுத்தம். இழுத்து நிமிர்த்தினால் கோபுரத்தின் உச்சிப் பக்கம் தெளிவு குறையும்.

கொழும்பில் ஒரு கட்டடம் மட்டும் இந்த விடயத்தில் உங்களை ஏமாற்றும். பேரை வாவிக் கரையில் நிற்கும் அல்டெயார் அடுக்குமாடிக் குடியிருப்பு. கட்டடக்கலைஞர் மோஷே சாஃப்டி வடிவமைத்தது. இரண்டு கோபுரத்தில் ஒன்று மற்றதன்மீது உண்மையிலேயே சாய்ந்து நிற்கிறது. அது படத்தில் வரும்போது கமரா மட்டமா இல்லையா என்று அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சாயாமல் நிற்கும் கோபுரத்தையோ முன்னால் உள்ள பழைய சுவரையோ பாருங்கள். நான் ஒருமுறை கணினியில் சாய்ந்ததை நிமிர்த்தி, நிமிர்ந்து நின்றதைச் சரித்துவிட்டு, அரை மணித்தியாலம் ஏன் எல்லாம் பிழையாகத் தெரிகிறது என்று யோசித்தேன்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற நாட்டுக்காரர் எழுதிய வழிகாட்டிகள் இங்கே பிழைக்கும். பொன்வெயில் ஒரு மணித்தியாலம் என்பார்கள். நம்மிடம் அவ்வளவு கிடைக்காது. சூரியன் இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். வருடம் முழுவதும் ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் மறைந்துவிடும். மறைந்த பிறகு நீலவெளிச்சம் இருபது நிமிடம் நின்றால் பெரிய காரியம். எனவே இடத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். வெளிச்சம் வந்த பிறகு இடம் தேடினால் படம் இருட்டில்தான்.

அப்புறம் நண்பகல். நண்பகலில் படம் எடுக்காதே என்பது பொதுச்சட்டம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வெளியே வரக்கூடிய என்னைப் போன்றவனுக்கு அது சரிவராது. ஆனால் கொழும்பில் ஒரு வசதி உண்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு வரும். அதற்குப் பிறகு செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாக நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. அதாவது, வருடத்தில் ஏழு மாதம் நண்பகலில் நிழலில் கிடக்கும் வடக்கு முகங்களுக்கு மே, ஜூன், ஜூலையில் மேலிருந்து சரிவாக வெயில் விழும். பழைய சுவர்களில் ஜன்னல் நெற்றி, சாந்துப் பூவேலை, தூண் தலை எல்லாம் புடைத்துக்கொண்டு நிற்பவை. மேலிருந்து வழியும் வெயிலில் ஒவ்வொன்றும் தனக்குக் கீழே நீள நிழல் போடும். கண்ணாடிக் கட்டடத்தில் புடைப்பு ஒன்றும் இல்லை, அதே வெயிலில் அது தட்டையாக நிற்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வெளிச்சம் எனக்குத் தெரியாது. ஒரு சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் போனில் உள்ள திசைகாட்டியில் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கண்ணாடிக் கோபுரம் இன்னொரு உதவியும் செய்யும். மாலை வெயில் அதில் பட்டுத் தெறித்து, நிழலில் கிடக்கும் எதிர்ச்சுவரில் சதுரம் சதுரமாக விழும். அந்தச் சதுரங்கள் நகரும். பத்து நிமிடத்தில் ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்குப் போய்விடும். கோபுரம் படத்துக்குள் வராமலே கோபுரத்தைக் காட்டும் வழி இது. சுவர் மட்டும் போதும், அதன் மேல் விழுந்திருக்கும் வெளிச்சமே புதுசு.

பிரகாசத்தை அளக்கும்போது வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் விரலை வைத்து அளவெடுங்கள், இருண்ட கண்ணாடியில் வைக்க வேண்டாம். இருட்டிலிருந்து கொஞ்சம் தூக்கி எடுக்கலாம். வெளுத்துப்போன சுவரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கண்ணாடியில் விழும் பிம்பத்தை எடுக்கப்போகிறீர்கள் என்றால் மூன்று விடயம். பிம்பத்தில் குவியம் வைக்க வேண்டும், கண்ணாடியின் மேற்பரப்பில் வைக்கக்கூடாது. பிம்பம் உள்ள தூரம் கண்ணாடியையும் தாண்டியது. கமராவில் எஃப்8, எஃப்11 என்று துளையைச் சுருக்கினால் இரண்டும் ஓரளவு தெளிவாக வரும். இரண்டாவது, முனைவாக்க வடிகட்டி (போலரைசர்) போட்டிருந்தால் கழற்றிப் பைக்குள் வையுங்கள், அது பிம்பத்தைத்தான் முதலில் கொல்லும். மூன்றாவது, பழைய கட்டடம் வெயிலிலும் கண்ணாடி நிழலிலும் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். தூரத்திலிருந்து பார்க்கத் தட்டையாகத் தெரியும் கண்ணாடி உண்மையில் தட்டையில்லை. ஒவ்வொரு பலகையும் ஒரு நூல் அளவு வளைந்திருக்கும். அதில் விழும் பழைய தூண் தண்ணீரில் விழுந்த மாதிரி நெளியும். அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தால் நெளிவு மாறும். நகர்ந்து நகர்ந்து பாருங்கள்.

இனி, நான் அதிகம் போய் நிற்கும் இடத்துக்கு வருகிறேன். சதாம் வீதியின் முடிவில், ஜனாதிபதி மாவத்தைச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம். 1857இல் மணிக்கூடாகக் கட்டினார்கள். அன்றைய ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் மனைவிதான் வடிவம் கொடுத்தவர். பத்து வருடம் கழித்து, 1867இல், அதன் தலையில் விளக்கு ஏற்றினார்கள். மணிக்கூடு கலங்கரை விளக்கமாகவும் ஆனது. மணியும் பார்க்கலாம், கப்பலும் வழி தெரிந்து வரும். பிறகு சுற்றிவரக் கட்டடங்கள் எழுந்தன. கடலிலிருந்து விளக்கு தெரியவில்லை. கடற்கரையில் வேறொரு கலங்கரை விளக்கம் கட்டி 1952இல் இதன் விளக்கை ஓய்வுக்கு அனுப்பினார்கள். கட்டடம் அப்படியே நிற்கிறது, மணிக்கூடு அப்படியே நிற்கிறது, விளக்குக் கூண்டும் மேலே இருக்கிறது.

பழையதற்கும் புதியதற்கும் உள்ள முரண் என்று எல்லாரும் தேடுகிறார்களே, அது இங்கே ஏற்கெனவே நடந்து முடிந்த சம்பவம். வேறு எங்கேயும் இரண்டு கட்டடம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். இங்கே ஒன்று மற்றதன் வேலையைப் பறித்திருக்கிறது. அதனால் இந்த ஒரு இடத்தில் நான் முதலில் சொன்ன பாடத்தைத் தலைகீழாகச் செய்யுங்கள். கிட்டப் போகாதீர்கள். சதாம் வீதியின் மறுமுனைப் பக்கம் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், 135 அல்லது 200 மில்லிமீற்றர் லென்ஸைப் போடுங்கள். போனில் என்றால் இருப்பதில் நீளமான லென்ஸ். தூரத்திலிருந்து பார்த்தால் வீதியின் இரண்டு பக்கக் கட்டடங்களும் நெருங்கி வந்து மணிக்கூட்டை இடுக்கும். பெயர்ப்பலகை, கம்பி, குளிரூட்டிப் பெட்டி எல்லாம் அதன் தோளுக்கு வந்துவிடும். விளக்குக் கூண்டு மட்டும் வானத்தில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கூண்டைச் சுற்றி ஒரு விரற்கடை வானம் விடுங்கள், அதைத் தொட விடாதீர்கள். காலை எட்டு மணிக்கு முன்னர் போங்கள், வெயில் உங்களுக்குப் பின்னாலிருந்து மணிக்கூட்டின் முகத்தில் விழும். வீதியிலும் வாகனம் குறைவு.

மணிக்கூடு வரும் படத்தில் ஒரு ஆபத்து உண்டு. எடுத்த நேரத்தை அது காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் நான் எடுத்த படம் ஒன்றைப் பார்த்த எங்கள் மேலாளர், “இரண்டரை மணிக்கு நீர் அங்கே என்ன செய்தீர்?” என்று கேட்டார்.

யோர்க் வீதியில் 1906ஆம் ஆண்டின் கார்கில்ஸ் கட்டடம் சிவப்பாக நிற்கிறது. அதை முழுதாக எடுக்க முயலாமல், அதன் வளைவுகளுக்குக் கீழே உள்ள நடைபாதையில் நின்று இருட்டிலிருந்து வெளியே பார்த்து எடுங்கள். வளைவு சட்டகமாகும். இதற்குமேல் அங்கே சொல்ல ஒன்றும் இல்லை.

புறக்கோட்டை வேறு கதை. அங்கே கோபுரம் தேடாதீர்கள். புதியது அங்கே கீழ்மாடியில் இருக்கிறது. பிரதான வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் கட்டடங்களின் கீழ்மாடி முழுக்க அலுமினியமும் பளபளப் பலகையும் போன் உறைகளும். பெயர்ப்பலகைக்கு மேலே கண்ணை உயர்த்தினால் சாந்துக் கைப்பிடிச் சுவர், மரப் பலகணி, சில இடத்தில் கட்டிய வருடம்கூடத் தெரியும். கீழே ஓடும் சனம் யாரும் மேலே பார்ப்பதில்லை. பெயர்ப்பலகையின் மேல்விளிம்பு படத்தின் நடுக்கோட்டில் வரும்படி எடுத்துப் பாருங்கள். மேல்பாதி ஒரு நூற்றாண்டு, கீழ்பாதி மற்ற நூற்றாண்டு. நடுவில் கம்பிக் குவியல். கம்பியை மென்பொருளில் அழிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அழிப்பதில்லை. அந்தக் கம்பி இல்லாமல் அது புறக்கோட்டையே இல்லை.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாக நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலை வீதியில் நின்று எடுத்தால் தலை நிமிர்ந்து கழுத்து வலிக்கும். எதிர்ப்பக்கக் கட்டடத்தின் மேல்மாடிக்குப் போக வழி தேடுங்கள். நான் போனது ஒரு துணிக்கடை மேல்மாடிக்கு. கடைக்காரரிடம், “நானா, மேல ஜன்னலால ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்டேன். என்னையும் கமராவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாநகர சபையா தம்பி?”

“இல்ல நானா, சும்மா ஆசைக்கு.”

“கட்டடம் பழசு எண்டு எழுதிக்கொண்டு போய் உடைக்கச் சொல்ல மாட்டீங்களே?”

இல்லை என்று சொன்ன பிறகு ஏணி மாதிரிப் படியைக் காட்டினார். மேலே துணிச் சுருள்கள் கூரைவரை. ஜன்னலில் இருந்து பார்த்தால் கண் மட்டத்தில் பள்ளிவாசலின் மாடங்கள், கீழே கைவண்டி இழுக்கும் நாட்டாமிகள், லொறியின் தார்ப்பாய். கமராவைத் தூக்கவே தேவையில்லை, எல்லாம் தானாக நேராக நின்றது. அடுத்த கிழமை அந்தப் படத்தில் ஒன்றை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது கேட்காமலே மேலே ஏறலாம், பிளேன்டீயும் கிடைக்கும். ஒரு படத்துக்கு இருநூறு முந்நூறு ரூபா செலவாகும், அது நல்ல முதலீடு.

கைவண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருக்கட்டும். ஆள், கதவு, ஏணி, கைவண்டி ஏதாவது. அது இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு மணிக்கூட்டின் 29 மீற்றரும் இரட்டைக் கோபுரத்தின் 152 மீற்றரும் ஒன்றுதான். ஆள் நிற்கவேண்டிய இடம் பழைய கட்டடத்தின் வாசல்.

சாமானும் சனமும் வேண்டும் என்றால் வேலைநாள். சுவர் மட்டும் வேண்டும் என்றால் ஞாயிறு காலை. போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளும் நல்லது.

கொச்சிக்கடைப் பக்கம் போனால் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். முழுக்கக் கருங்கல். பார்க்கிறவர் சோழர் காலம் என்று நினைப்பார்கள். ஆனால் இன்றுள்ள கருங்கல் கோயில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பிக் கட்டியது. கோட்டை மணிக்கூட்டைவிட இளையது. பேரை வாவிக்குள் இருக்கும் பௌத்த மண்டபமான சீமா மாலகவும் அப்படித்தான். நீல ஓடும் மரமுமாகப் பழங்காலத்துப் பொருள் போலிருக்கும். கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1970களில் வடிவமைத்தது. அதற்குப் பின்னால் வாவியின் மறுகரையில் அல்டெயார் எழும்பி நிற்க எடுத்துவிட்டு, “ஆயிரம் ஆண்டும் இன்றும்” என்று தலைப்பு வைத்தால் பகிடிக்காளாவீர்கள். படத்துக்கு முன்னர் கட்டடத்தின் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள். கோயிலில் வெளி வீதியில் நின்று எடுங்கள். உள்ளே எடுக்க வேண்டும் என்றால் ஐயரையோ நிர்வாகத்தையோ கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள்.

காலி முகத்திடலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் அங்கேதான் எடுக்கிறார்கள். புல்வெளியில் நின்று வடக்கே பார்த்தால் 1930இல் திறந்த பழைய பாராளுமன்றத்தின் தூண்கள், அதற்குப் பின்னால் இலங்கை வங்கிக் கோபுரமும் இரட்டைக் கோபுரமும். தெற்கே பார்த்தால் 1864ஆம் ஆண்டின் காலி முகத்திடல் ஹோட்டல். மாலை வெயில் கடலிலிருந்து வந்து எல்லாவற்றிலும் சமமாக விழும், அதனால் பிழைவிடுவது கஷ்டம், புதிதாக எடுப்பதும் கஷ்டம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் பத்து நிமிடத்தில் லென்ஸில் உப்புப் படியும். உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

குளிரூட்டிய கந்தோரிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் நீராவி படியும். பையைத் திறக்காமல் பத்து நிமிடம் வெளியே வைத்திருந்தால் சரி. வீட்டில் கமராவை அலுமாரிக்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிஸ்கட் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளோடு வையுங்கள். நான் அலுமாரியில் வைத்த 50 மில்லிமீற்றர் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி வளர்ந்துவிட்டது.

காவலாளிகள். கோட்டையில் இது ஒரு தனிப்பாடம். துறைமுகம், படையினர் இருக்கும் இடம், ஜனாதிபதி மாளிகைப் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். மற்ற இடத்திலும் பலகை இல்லை என்பதற்காக அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு கட்டடத்துக்கு முன்னால், பொது நடைபாதையில் நின்றுதான் எடுத்தேன். காவலாளி வந்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். சட்டம் கதைத்தேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். அன்று காலை எடுத்த நல்ல படங்களும் சேர்ந்து போயின. இப்போது நான் செய்வது: முதலிலேயே போய்ச் சிரித்து, இந்தப் பழைய சுவரைத்தான் எடுக்கிறேன் என்று திரையைக் காட்டுவது. அடையாள அட்டை பையில் இருக்கும். மூன்றுகால் நிறுத்தியை எடுத்துப் போவதில்லை, கமராவைவிட அதைக் கண்டால்தான் அவர்களுக்குச் சந்தேகம். ட்ரோன் பறக்க விட சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும். அதை எடுக்காமல் கோட்டையில் பறக்கவிட நினைக்கவும் வேண்டாம்.

கொம்பனித்தெருவைக் கடைசிக்கு வைத்தேன். சின்னச் சின்ன ஒழுங்கைகள், ஓட்டு வீடுகள், அதற்கு மேலே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோபுரம். படம் எடுக்கிறவர்களுக்குக் கொழுத்த இடம். 1965இல் திறந்து 1983 ஜூலையில் எரிந்த ரியோ திரையரங்கு நின்றதும் இங்கேதான். ஒரு ஒழுங்கையில் ஒரு வீட்டு முன்சுவரையும் அதன் மேலே எழுந்த கோபுரத்தையும் எடுத்துக்கொண்டிருந்தேன். சட்டகம் நன்றாக அமைந்திருந்தது. கதவடியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமலே கேட்டார்.

“என்ட வீட்ட எடுக்கிறீங்களா, பின்னால நிக்கிறத எடுக்கிறீங்களா?”

இரண்டையும் என்றேன்.

“அப்ப என்ட வீடு எதுக்கு?”

பதில் சொல்லத் தெரியவில்லை. கமராவை இறக்கிவிட்டு நின்றேன். சுளகைத் தட்டி வைத்துவிட்டு, “வேணுமெண்டா உள்ள வந்து எடுங்க, நாங்க பார்க்கிற மாதிரி” என்றார். உள்ளே போனேன். முன்னறையில் தையல் மெசின், சாமிப்படத்துக்குக் கீழே ஒரு பல்ப், வாசலில் பாதி இழுத்த பூத்திரை. அங்கேயிருந்து வெளியே பார்த்தால் கதவுச் சட்டத்துக்குள் கோபுரத்தின் கீழ் நாலைந்து மாடி மட்டும் தெரிந்தது. உச்சி தெரியவில்லை. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கோபுரத்துக்கு உச்சியே கிடையாது. பகலிலும் பல்ப் எரிவது ஏன் என்றும் அப்போதுதான் விளங்கியது.

தொழில்நுட்பமாகச் சொன்னால் இது எளிது: அறையின் இருட்டுக்கு ஒன்று, வெளி வெளிச்சத்துக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்துச் சேர்க்கலாம், அல்லது இருட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்தெடுக்கும் போனின் எச்டிஆர் வசதி தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் முழுதாக வெளிச்சமாக்கிவிடாதீர்கள், அறை இருட்டாகவே இருக்கட்டும். முடிந்த இடத்தில் எல்லாம் பழையதற்குள் போய் நின்று புதியதைப் பாருங்கள். கேட்டுத்தான் போகவேண்டும், ஒழுங்கைக்குள் தூரத்திலிருந்து நீள லென்ஸால் வீடுகளைப் பிடிப்பது எனக்குப் பிடிக்காது.

கடைசியாக ஒரு கந்தோர்ப் பழக்கம். நாங்கள் கீறும் ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் ஒரு பெட்டி இருக்கும்: இடம், திகதி, திசை, அளவு. படங்களுக்கும் அப்படி எழுதி வையுங்கள். எந்த வீதி, எந்தத் திசை பார்த்து, எத்தனை மணி, முன்கட்டடத்துக்கும் உங்களுக்கும் எத்தனை அடி. அடுத்த வருடம் அதே இடத்தில் அதே அடியில் போய் நின்று திரும்ப எடுக்கலாம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் எது வளர்ந்தது, எது போனது என்று தெரியும். கொம்பனித்தெருவில் ஒன்றரை நூற்றாண்டு நின்ற டி சொய்சா கட்டடம் 2021இல் போனது. அதற்கு முன்னர் நான் எடுத்த மூன்று படம் இருக்கிறது. பற்றரி மாற்றியபோது கமராவின் திகதியைச் சரிசெய்ய மறந்துவிட்டேன். மூன்றும் 2012 ஜனவரி 1, அதிகாலை 12.04 என்று காட்டுகின்றன, நல்ல வெயிலில்.